தியெபோலோவின் புனித தெக்லா: ரொக்கோகோ ஓவியத்தில் மன்றாட்டுக்கு இடம் உண்டா?

உங்கள் கேள்வியின் சாரம் இது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிறிய ஓவியத்தின் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கொள்ளைநோயில் மடிந்துகொண்டிருக்கும் ஊருக்காகப் புனித தெக்லா மண்டியிட்டு வேண்டுகிறார். வரைந்தவர் 18ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் ஜொவான்னி பத்தீஸ்தா தியெபோலோ. அவரை ரொக்கோகோ ஓவியர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ரொக்கோகோ என்பதோ அரண்மனைகளுக்கும் காதல் காட்சிகளுக்கும் உரிய பாணி. அப்படியானால் இந்தப் படத்தில் உண்மையான பக்தி இருக்கிறதா, அல்லது புனிதர் வேடமிட்ட அலங்காரமா என்று கேட்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அலங்காரம் அல்ல. எனக்குத் தெரிந்த 18ஆம் நூற்றாண்டுப் புனிதர் ஓவியங்களில், ‘பரிந்துபேசுதல்’ என்று கத்தோலிக்கர் சொல்வதை, அதாவது புனிதர் நமக்காகக் கடவுளிடம் வேண்டுவதை, இவ்வளவு துல்லியமாகக் கண்ணுக்குக் காட்டிய படம் வேறில்லை. அதற்குக் கைகொடுத்ததும் ரொக்கோகோதான். எப்படி என்று சொல்வதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

முதலில் ஒரு தெளிவு. நீங்கள் பார்த்தது முழுமையான ஓவியம் அல்ல, அதன் முன்வரைவு. உயரம் 81 சென்டிமீட்டர், அகலம் 45 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பீட ஓவியம் கேட்பவர்களிடம் ‘இப்படித்தான் வரப்போகிறது’ என்று காட்ட வெனிஸ் ஓவியர்கள் இப்படிச் சிறிய அளவில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் கொடுப்பது வழக்கம். அதை வைத்து வரைந்த பெரிய ஓவியம் வட இத்தாலியில், பாதுவா நகருக்குத் தென்மேற்கே உள்ள எஸ்தே என்ற சிற்றூரின் தலைமைத் தேவாலயத்தில், பீடத்துக்குப் பின்னால் இருக்கிறது. 675 சென்டிமீட்டர் உயரம், 390 சென்டிமீட்டர் அகலம். ஏறக்குறைய இரண்டு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1758இல் வரையும் பணி தியெபோலோவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1759ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் படம் தன் இடத்தில் ஏறியது. அப்போது தியெபோலோவுக்கு 63 வயது. அந்தத் தேவாலயமே தெக்லாவின் பெயரில் உள்ளது, ஊருக்குப் பாதுகாவலரும் அவர்தான். ஆகவே இது யாரோ ஒரு பிரபு தன் மாளிகைக்கு வாங்கிய படம் அல்ல. ஓர் ஊர் தன் புனிதருக்குச் செய்த நேர்ச்சை போன்றது.

தெக்லாவின் கதை தமிழ்க் கத்தோலிக்கருக்கே அவ்வளவாகத் தெரியாது. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பவுல், தெக்லா பணிகள்’ என்ற நூலில் அது வருகிறது. இன்றைய துருக்கியில் கொன்யா என்று அழைக்கப்படும் இக்கோனியாவில், பக்கத்து வீட்டில் பவுல் போதிப்பதை ஒரு பெண் சன்னலோரம் உட்கார்ந்து மூன்று நாள் இரவுபகலாகக் கேட்கிறார். நிச்சயிக்கப்பட்ட திருமணத்தை உதறுகிறார். எரிக்கத் தீ மூட்டுகிறார்கள். மழை கொட்டி அணைக்கிறது. அந்தியோக்கியாவில் விலங்குகளுக்கு முன் தள்ளுகிறார்கள். ஒரு பெண்சிங்கம் அவர் காலடியில் படுத்து, அவருக்காகப் போராடிச் சாகிறது. இனி நேரமில்லை என்று தண்ணீரில் தானே குதித்துத் தனக்குத்தானே திருமுழுக்குக் கொடுத்துக்கொள்கிறார். இந்த இடம்தான் திருச்சபையின் ஆசிரியர்கள் சிலருக்கு நெருடியது. பெண்கள் போதிக்கவும் திருமுழுக்குக் கொடுக்கவும் இந்தக் கதையைச் சான்று காட்டக்கூடாது, இது ஆசியாவில் ஒரு மூப்பர் எழுதியது என்று கி.பி. 200 வாக்கில் தெர்த்துல்லியன் கண்டித்து எழுதினார். ஆனாலும் மக்கள் பக்தி நிற்கவில்லை. கிழக்குத் திருச்சபை அவரைப் பெண்களில் முதல் மறைசாட்சி என்றும், திருத்தூதர்களுக்கு இணையானவர் என்றும் போற்றுகிறது.

இதில் நம் படத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று உண்டு. உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரின் படுக்கையருகே குருவானவர் சொல்ல வேண்டிய மன்றாட்டுகள் பழைய ரோமைத் திருச்சடங்கு நூலில் இருக்கின்றன. நோவாவைக் காத்தீர், தானியேலைக் காத்தீர் என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘தெக்லாவை மூன்று கொடிய வேதனைகளிலிருந்து விடுவித்ததுபோல் இந்த ஊழியரின் ஆன்மாவையும் விடுவியும்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். சாகக் கிடப்பவரின் காதில் கடைசியாக விழும் பெயர்களில் ஒன்று தெக்லா. நோயால் ஊரே படுத்துக் கிடக்கும் காட்சியில் அவரை மண்டியிட வைத்தது ஏன் பொருந்துகிறது என்பது இதைத் தெரிந்துகொண்டால் விளங்கும்.

அந்த நோய் 1630ஆம் ஆண்டின் பிளேக். வட இத்தாலியையே சூறையாடியது. வெனிஸ் நகரில் மட்டும் சுமார் 46,000 பேர் இறந்தார்கள். அது நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நோய் நீங்கினால் மாதாவுக்கு ஆலயம் கட்டுவதாக வெனிஸ் அரசு நேர்ந்துகொண்டதன் பேரில் எழுந்ததுதான் பெருங்கால்வாயின் முகப்பில் நிற்கும் சாந்தா மரியா தெல்லா சலூத்தே. வெனிஸின் ஆட்சியில் இருந்த எஸ்தேயும் அதே நோயில் சிக்கியது. ஓவியம் வரையப்பட்டதோ 129 ஆண்டுகள் கழித்து. நோயைக் கண்ணால் பார்த்த ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் பயம் பழையதாகிவிடவில்லை. 1720இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்திலும் 1743இல் சிசிலியின் மெஸ்ஸீனாவிலும் பிளேக் வந்துபோயிருந்தது. கப்பல்களை நிறுத்திவைக்கும் தனிமைத் தீவுகளை வெனிஸ் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே நடத்திவந்தது. தனிமைப்படுத்தலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே ‘நாற்பது நாள்’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இப்போது படத்துக்கு வாருங்கள். திரையில் பெரிதாக்கிக்கொண்டு, கீழிருந்து மேலே பாருங்கள். எஸ்தேயில் பீடத்தின் முன் நிற்பவரின் கண்ணும் அப்படித்தான் ஏறும்.

கீழே, நமக்கு மிக அருகில், ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். அவள் குழந்தை அவளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் காட்சி தியெபோலோவின் கண்டுபிடிப்பு அல்ல. ரஃபாயேலின் ஓவிய வரைவை மார்க்கந்தோனியோ ரைமோந்தி செதுக்கி அச்சிட்ட புகழ்பெற்ற பிளேக் படத்திலேயே, இறந்த தாயின் மார்பைத் தேடும் குழந்தை உண்டு. அதற்குப் பிறகு கொள்ளைநோயை வரைந்த பலரும் அந்தக் குழந்தையைக் கடன் வாங்கினார்கள், பிரெஞ்சு ஓவியர் பூஸேனும் வாங்கினார். அதனால் 1759இல் இது தேய்ந்துபோன உத்தியாக இருந்திருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. காரணம் அது வைக்கப்பட்டிருக்கும் இடம். புனிதருக்கும் பிணத்துக்கும் இடையே எந்த இடைவெளியும் இல்லை. இருவரும் ஒரே தரையில் இருக்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பீட ஓவியங்களில் புனிதர் பெரும்பாலும் எங்கே இருப்பார்? மேகத்தின் மேல். தியெபோலோவே எத்தனையோ புனிதர்களை மேகத்தில் ஏற்றியவர். வெனிஸின் ஜெசுவாத்தி ஆலய விதானத்தில் புனித தோமினிக்குவையும், கார்மீனி சபையின் மண்டப விதானத்தில் உத்தரியம் தரும் மாதாவையும் வரைந்தவர் அவர். வானத்தைத் திறந்துகாட்டுவதில் அவருக்கு நிகராக அந்த நூற்றாண்டில் யாரும் கிடையாது. அப்படிப்பட்டவர், ஊரின் பாதுகாவலரை, அவருடைய சொந்த ஆலயத்தின் தலைமைப் பீடத்தில், மேகத்தில் ஏற்றாமல் பிணங்களின் நடுவே மண்டியிட வைத்தார். கதையில் வரும் தீயையோ விலங்குகளோடு நடந்த போராட்டத்தையோ காட்சியாக்கவில்லை. தெக்லா இங்கே வெற்றி பெற்றவராக இல்லை. எங்கள் தெருவில் இறங்கி எங்களோடு உட்கார்ந்துவிட்டவராக இருக்கிறார்.

அவருக்குப் பின்னால் பிணத்தைத் தூக்கிச் செல்கிறார்கள். அதற்கும் பின்னால் எஸ்தே நகரமும் யூகானே குன்றுகளும் தெரிகின்றன. கற்பனை நகரம் அல்ல, ஓவியத்தின் முன் மண்டியிடும் மக்கள் அன்றாடம் நடமாடும் ஊர். கோவிலை விட்டு வெளியே வந்தால் அதே குன்றுகள்தாம்.

தெக்லாவின் முகம் மேலே திரும்பியிருக்கிறது. கைகள் கூப்பியிருக்கின்றன. அவர் கண் போகும் வழியில் நீங்களும் போனால், படத்தின் மேல்பாதியில், வானதூதர்கள் சூழத் தந்தையாகிய கடவுள் கையை நீட்டியபடி வருகிறார். நோய் ஓர் உருவமெடுத்து அவர் முன் நிற்கமாட்டாமல் வானத்தில் பறந்து ஓடுகிறது. இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருப்பது என்ன? வெறும் காற்று. புகைமூட்டம்போல் மங்கிய, கனத்த வானம். மேலே ஏற ஏற அது ஒளிபெறுகிறது.

என் பார்வையில் அந்த வெற்றிடம்தான் இந்த ஓவியத்தின் உயிர். நம் ஆலயங்களில் புனிதர்களின் மன்றாட்டுமாலை சொல்லும்போது ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்கிறோம். ‘எங்களைக் காப்பாற்றும்’ என்று புனிதரிடம் சொல்வதில்லை. அது கடவுளிடம் சொல்வது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563இல் புனிதர்களையும் திருப்படங்களையும் பற்றிச் சொன்ன போதனையின் நடுநாடியே இந்த வேறுபாடுதான். புனிதர் வேண்டுவார், கடவுள் அருள்வார். சொல்ல எளிது, வரைய மிகக் கடினம். பெரும்பாலான ஓவியங்களில் புனிதரே நோயை விரட்டுவதுபோல் ஆகிவிடும். தியெபோலோவின் தெக்லா எதையும் விரட்டவில்லை. அவர் கையில் ஒன்றும் இல்லை. அவர் கேட்கிறார், அவ்வளவுதான். விடை தொலைவிலிருந்து, அந்தக் காற்றைக் கடந்து வருகிறது. இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை. நோய் வானத்தில் புறப்பட்டுவிட்டது, கீழேயோ இன்னும் பிணம் தூக்குகிறார்கள். அந்தச் சிறு இடைவேளையைத்தான் அவர் பிடித்திருக்கிறார்.

இதற்கு ரொக்கோகோ எப்படி உதவியது என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லைப் பற்றியே கொஞ்சம் சொல்ல வேண்டும். சிப்பியும் கூழாங்கல்லும் பதித்துச் செய்யும் குகை அலங்காரத்துக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது கிளைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், புதிய செவ்வியல் பாணியில் ஊறிய இளைஞர்கள் முந்தைய தலைமுறையின் ரசனையை ஏளனம் செய்யப் பயன்படுத்திய பெயர் அது. தியெபோலோ தன்னை ஒருநாளும் அப்படி அழைத்துக்கொண்டிருக்க மாட்டார். ஏளனப் பெயர் என்பதால் அதன் கறை இன்னும் போகவில்லை. ரொக்கோகோ என்றதும் ஊஞ்சலும் பவுடர் பூசிய தலைமுடியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பாணியின் மிகப்பெரிய கட்டடங்கள் சில தேவாலயங்களே. பவேரியாவில் ஸிம்மர்மான் சகோதரர்கள் கட்டிய வீஸ் ஆலயம், சாதாரண விவசாயிகள் நடந்துவந்து அழுது வேண்டிய திருத்தலம். பாணியைப் பார்த்து பக்தியை அளப்பது சரிவராது.

ரொக்கோகோ ஓவியர்கள் கற்றுவைத்திருந்த முக்கியமான வித்தை, கனத்தைக் குறைப்பது. அதற்கு முந்தைய பரோக் ஓவியத்தில் மேல்முதல் கீழ்வரை உடல்கள் நெருக்கியடிக்கும். ஒளியும் இருளும் மோதும். பார்ப்பவரைப் பிடித்து உலுக்கும். தியெபோலோவும் இளமையில், மூத்த வெனிஸ் ஓவியர் பியாத்ஸெத்தாவின் பழுப்பு இருள் படிந்த ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர்தான். பிறகு அவர் இருளைக் கழுவிவிட்டார். வண்ணங்கள் வெளுத்தன. உருவங்களை ஓரத்துக்குத் தள்ளி நடுவைத் திறந்துவிட்டார். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க் அரண்மனையின் படிக்கட்டு விதானத்தில், 600 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில், அன்று அறிந்த நான்கு கண்டங்களையும் விளிம்பில் உட்கார வைத்து நடுவில் வானத்தை விட்டார். அங்கே அது நாட்டையும் ஆண்ட ஓர் ஆயரின் அரசியல் புகழுக்காக. எஸ்தேயில் அதே திறந்த வானம் மன்றாட்டு ஏறிப்போகும் பாதையாக மாறியது. ஒரு பரோக் ஓவியர் இதே காட்சியை வரைந்திருந்தால், கடவுளுக்கும் தெக்லாவுக்கும் நடுவே பத்து உடல்களை அடுக்கியிருப்பார். உருக்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தூரம் தெரிந்திருக்காது.

கைவேகமும் ஒரு காரணம். 1736இல் அவரை ஸ்டாக்ஹோம் அரண்மனைக்கு அழைத்துப்போக வந்த ஸ்வீடன் தூதர் தெஸ்ஸீன் பிரபு, மற்றவர் வண்ணம் அரைத்து முடிப்பதற்குள் இவர் ஒரு படத்தையே முடித்துவிடுகிறார் என்று எழுதினார். முன்வரைவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வேகம் உங்களுக்கே தெரியும். துணியின் மடிப்பு இரண்டே இழுப்பில் வந்து நிற்கும். கருமையான மெல்லிய கோட்டால் விளிம்பைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். தொலைவில் உள்ள மனிதர்கள் நாலைந்து தீற்றல்கள்தாம். இந்த வேகம் அரண்மனை விதானத்தில் உல்லாசமாகத் தோன்றும். பிளேக் நடந்த தெருவில் அதே வேகம் பதற்றமாகிவிடுகிறது. எவரையும் நின்று பார்க்க நேரமில்லாத நாளில் வரைந்ததுபோல் இருக்கிறது.

உங்கள் சந்தேகம் புதியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தியெபோலோவின் காலத்திலேயே அது பெரிய குற்றச்சாட்டாக எழுந்தது. தியெபோலோ ஒரு நாளில் செய்வது, செவ்வியல் பாணியின் ஜெர்மன் ஓவியர் மெங்ஸ் ஒரு வாரத்தில் செய்வதைவிட அதிகம். ஆனால் முன்னதைப் பார்த்ததும் மறந்துவிடுவோம், பின்னது என்றும் நிலைக்கும் என்று விங்கெல்மான் தீர்ப்பே சொன்னார். செவ்வியல் ரசனையின் பெரும் குரு அவர். அவர் சொல்லுக்கு எடை இருந்தது.

அதன் விளைவைத் தியெபோலோவின் கடைசிப் பீட ஓவியங்கள் அனுபவித்தன. 1762இல் தியெபோலோ ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸின் அழைப்பில் மத்ரீதுக்குப் போனார். 1767இல், மத்ரீதுக்கு அருகே அரான்ஹுவெஸில் புனித பஸ்குவால் பைலோன் பெயரில் கட்டப்பட்ட மடத்து ஆலயத்துக்கு ஏழு பீட ஓவியங்கள் வரையும் பணி கிடைத்தது. அவற்றை 1769இல் முடித்தார். ஐந்து காயம் பெறும் புனித பிரான்சிஸ்கு, தோட்ட வேலையின் நடுவே நற்கருணைக் காட்சி காணும் பஸ்குவால் என்று எளிய துறவிகளின் ஓவியங்கள் அவை. அலங்காரம் மிகக் குறைந்து, தனிமை மிகக் கூடிய ஓவியங்கள். 1770 மார்ச் 27இல் அவர் மத்ரீதில் இறந்தார். ஆலயம் அதே ஆண்டு மே மாதம் அர்ச்சிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள்தான் அந்தப் படங்கள் அங்கே இருந்தன. 1775இல் அவற்றைக் கழற்றிவிட்டு மெங்ஸும், ஸ்பெயின் ஓவியர்களான பாயேவும் மாயேயாவும் வரைந்த படங்களை ஏற்றினார்கள். தலைமைப் பீடத்தில் இருந்த பஸ்குவால் ஓவியம் பின்னர் துண்டாக வெட்டப்பட்டது. துண்டுகள் இன்று பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளன. முன்வரைவுகள் சில லண்டன் கோர்ட்டோல்டு கலைக்கூடத்தில் தப்பிப் பிழைத்தன. அவற்றின் உதவியோடு முழு ஓவியம் எப்படி இருந்திருக்கும் என்று இன்று ஊகிக்க முடிகிறது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது. பக்தி போதவில்லை என்று சொல்லத்தக்க படங்களா அவை? ஒரு காலத்தின் ரசனை மாறியது, அதற்கு விலையாக ஒரு முதியவரின் கடைசி மன்றாட்டுகள் வெட்டுப்பட்டன.

அதனால்தான் எஸ்தேயின் தெக்லா எனக்கு இன்னும் அருமையாகத் தோன்றுகிறது. யாருக்காக வரையப்பட்டதோ அவர்களுக்கு நடுவிலேயே, அதே ஆலயத்தில், அதே பீடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் பீட ஓவியத்தைப் பார்க்கும்போது அது ஒரு படம். அங்கே திருப்பலி நடக்கும்போது, எழுந்தேற்றத்தில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் திசையும் தெக்லாவின் கண் போகும் திசையும் ஒன்றுதான். அந்த உயரமும் அந்தச் செங்குத்தான வடிவமும் அதற்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது.

போக வாய்ப்புக் கிடைத்தால், பாதுவாவிலிருந்து மொன்செலீச்சே வழியாக ரயிலில் எஸ்தேக்குப் போகலாம். அந்தோனியோ காஸ்பாரி வடிவமைத்த ஆலயம். நீள்வட்டமான உட்கூடம், முற்றுப்பெறாத முகப்பு. உள்ளே போனதும் நேராகப் பீடத்தருகே போய்விடாதீர்கள். வாசலிலேயே கொஞ்சம் நில்லுங்கள். அங்கிருந்து தெரிவது மேலே உள்ள ஒளி மட்டும்தான். நடந்து நெருங்க நெருங்கத்தான் கீழே கிடக்கும் அந்தத் தாய் தெரிவாள், அதற்கும் பிறகு அந்தக் குழந்தையின் கை.